கந்தாங் கெர்பாவின் மேய்ச்சலும் பயற்றினக் கொடிகளும்

சிராங்கூன் சாலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் வணிகரை எழுதுவர், கோயில்களை எழுதுவர், மாட்டுத் தொழுவங்களையும் ஓரளவு எழுதுவர். அம்மாடுகள் தின்ற புல்லைப் பற்றி எழுதினோர் அரியர். புல்லின்றி அத்தொழில் ஏது?

கந்தாங் கெர்பாவ் என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என ஒரே விலங்கின் பெயரை இருமொழிகளில் தாங்கிய இரு தெருக்கள் இன்றும் அங்குள. ரோச்சோர் ஆற்றையொட்டிய தாழ்நிலத்தில் நீரும் புல்லும் மிக்கிருந்தமையே மாடுகளை அங்கு ஈர்த்தது. 1843இல் குதிரைப் பந்தயத்திடலும் அருகே அமைந்தது. பின்னர்க் கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் மாட்டு வணிகத்தில் ஓங்கினார். அவர் பெயராலும் ஒரு சாலை உண்டு. தொழுவங்களில் உழைத்தோரும் பால் கறந்து விற்றோருமான தமிழர் பெயரால் அங்குத் தெருவில்லை.

வெப்பநாட்டுப் புல் விரைந்து முற்றும்; முற்றியபின் அதில் புரதம் குன்றும். பயற்றினச் செடிகளோ தம் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றின் தழைச்சத்தைப் பிணித்து, தாமும் செழித்து மண்ணையும் வளமாக்கும். 1886இல் ஜெர்மானியர் ஹெல்ரீகல் இதனை அறிவியலுலகிற்கு எடுத்துரைத்தார். கொங்கு நாட்டு உழவர் அவர் சொல்லுக்காகக் காத்திருந்திலர். காங்கயத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லோடு நரிப்பயறும் படர்ந்திருக்கும். கிளுவை வேலி காக்கும். வெள்வேலமரம் நிழலும் காயும் தரும். பிற்காலத்தில் தென்னமெரிக்க முயல்மசாலும் தமிழகத்து மேய்ச்சல் நிலங்களில் விதைக்கப்பட்டது. அதன் விதையுறை கடினமானது. வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்தே விதைப்பர்.

மலாயாவில் நிகழ்ந்தது வேறு. ரப்பர்த் தோட்டங்களில் களையொன்றும் இன்றித் துடைத்த நிலத்தை மழை அரித்தது. களையெடுத்தவர்களும் பெரும்பாலும் நம்மவரே. பின்னரே துரைமார் சென்ட்ரோசீமா, கலப்பகோனியம், புயிரேரியா ஆகிய பயற்றினக் கொடிகளை நிலமூடியாகப் பரப்பினர். அவற்றுள் சென்ட்ரோசீமா, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மாடுகளுக்கென்றே வளர்க்கப்பட்டது. இங்கோ அக்கொடிகள் மரத்திற்காக வந்தன, மாட்டிற்காக அல்ல.

சிராங்கூன் தாழ்நிலத்தில் வீடுகள் பெருகின, புல் சுருங்கியது. 1933இல் பந்தயம் புக்கித் தீமாவிற்குப் பெயர்ந்தது. அப்பதிற்றாண்டிலேயே மாடுகளும் அகற்றப்பட்டன. சட்டமே அவற்றை விரட்டியது என்பர். மேய்ச்சல் நிலம் முன்னரே போயிற்று என்பதே என் துணிபு.

ஆசிரியர்கள் இதனைக் கற்பிக்கையில் மாணாக்கரைத் திடலுக்கு அழைத்துச் செல்லலாம். தொட்டாற்சுருங்கியும் பயற்றினமே. ஒன்றை வேரோடு மெல்லப் பெயர்த்து, முடிச்சொன்றை நகத்தால் கீறிப் பார்க்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பாயிருப்பின் அது தொழிற்படுகின்றது.