நேற்றைய ரொட்டி

அரபு மொழியில் 'ஃபத்' என்னும் வேர்ச்சொல்லுக்குப் பிட்டு நொறுக்குதல் என்று பொருள். லெபனோன் நாட்டவர் உண்ணும் 'ஃபத்தூஷ்' என்னும் பச்சைக் காய்க் கலவை அவ்வேரினின்றே பெயர் பெற்றது. கலவையில் காய்களும் கீரைகளுமே மிகுதி. ஆயினும் பெயரைத் தந்தது என்னவோ அதில் பிட்டுப் போடப்படும் பழைய ரொட்டிதான். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய நம் மக்கள் குப்பூஸ் என்னும் தட்டை ரொட்டியை நன்கறிவர். அத்தகைய ரொட்டி மறுநாள் விறைத்துப் போனதும் லெபனோன் இல்லங்களில் ஃபத்தூஷ் ஆகிறது.

அந்நாட்டின் தென்கரையில்தான் நற்செய்தி கூறும் தீரும் சீதோனும் உள்ளன. தன் மகளுக்காக மன்றாடிய புறவினத்துத் தாய், மேசையினின்று விழும் துணுக்குகளைச் சுட்டி ஆண்டவரிடம் வாதாடியது அப்பகுதியில்தான். மறையுரைகளில் அவளுடைய நம்பிக்கையை விரித்துரைக்கிறோம். அவள் சுட்டிய துணுக்கை எளிதாகக் கடந்துவிடுகிறோம். ரொட்டித் துணுக்கின் விலையறிந்த வீட்டிலிருந்து வந்தவளே அவ்வாறு பேசியிருக்கக் கூடும் என்பது நம் எண்ணம்.

அவ்விலையை அந்நாட்டு மக்கள் பின்னும் கொடிதாக அறிய நேர்ந்தது. முதல் உலகப் போரின்போது, 1915 முதல் 1918 வரை, லெபனோன் மலைநாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1915-இல் வெட்டுக்கிளிகள் பயிரைத் தின்றன. நேச நாடுகளின் கப்பற்படை கடல்வழியை அடைத்தது. துருக்கிய ஆட்சி எஞ்சிய தானியத்தைப் படைக்கெனப் பறித்தது, வணிகர் பதுக்கினர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் மாண்டனர் எனக் கணிக்கின்றனர். உரோமைத் திருச்சபையோடு ஒன்றித்த மாரோனைட்டுக் கிறிஸ்தவர் பலர் அவருள் அடங்குவர். கீழே விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட்டு, கால் படாத இடத்தில் வைக்கும் வழக்கம் அங்கே கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகிய இருவரிடமும் உண்டு. ரமலான் மாலைகளில் நோன்பு திறக்கும் விரிப்பிலும் ஃபத்தூஷ் தவறாமல் இடம்பெறும். 2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் நிகழ்ந்த வெடிப்பில் அந்நாட்டின் முதன்மைத் தானியக் களஞ்சியம் சிதைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மக்கள் ரொட்டிக் கடைகளின் முன் மீண்டும் வரிசையில் நின்றனர்.

லெபனோனை 1920 முதல் 1943 வரை ஆண்ட அதே பிரெஞ்சுக்காரரே, 1674-இல் புதுச்சேரியில் கால்கொண்டு, இடையிடையே இழந்தும் மீட்டும் 1954 வரை இங்கே இருந்தனர். கோதுமை விளையாத சோழமண்டலக் கரையில் ரொட்டி வேரூன்றியதில் அவர்களுக்கும் பங்குண்டு. ஈஸ்ட் எளிதிற் கிடைக்காத அக்காலத்தில், தென்னாட்டு ஐரோப்பியர் வீடுகளில் ரொட்டி மாவைப் பொங்க வைத்தது கள். நம் ஆப்ப மாவைப் பொங்க வைத்ததும் அதே கள்தான். விவிலியத்தைத் தமிழாக்கியோர் 'அப்பம்' என்ற சொல்லைத் தேர்ந்தபோது இதனை எண்ணினரோ இல்லையோ, சொல் பொருத்தமாகவே வாய்த்தது. ஈழத்தமிழரோ போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற சொல்லை வைத்துக்கொண்டு 'பாண்' என்கின்றனர்.

ரொட்டிக்காகப் புதுவை ஏங்கிய நாட்களும் உண்டு. 1760-இல் ஆங்கிலத் தளபதி கூட் நகரை முற்றுகையிட்டான். களஞ்சியம் வற்றியபோது, பிரெஞ்சுத் தளபதி லல்லி, எஞ்சியிருந்த உள்ளூர் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினான். ஆங்கிலப் படை அவர்களைக் கடக்க விடவில்லை. கோட்டையும் மீண்டும் கதவைத் திறக்கவில்லை. இரு படைகளுக்கும் இடையே பல நாட்கள் புல்வேரைத் தின்று கிடந்த பின்னரே அவர்களுக்கு வழி விடப்பட்டது. 1761 ஜனவரியில் நகரம் பட்டினியால் பணிந்தது. வரலாற்று நூல்கள் தளபதியரின் பெயர்களை விடாது குறிக்கின்றன. துரத்தப்பட்டவருள் ஒருவரது பெயரும் நாம் படித்தவற்றில் இல்லை.

பழைய ரொட்டியை முட்டையிலும் பாலிலும் தோய்த்துச் சுட்டெடுக்கும் பண்டத்திற்குப் பிரெஞ்சு மொழியில் 'இழந்த ரொட்டி' என்று பெயர். இழந்ததாகக் கருதியதை மீட்டுக்கொள்வது என்னும் கருத்து அதில் உண்டு. ஐயாயிரம் பேர் உண்டபின் மிஞ்சியதைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் சொன்னவரின் மனமும் அதுவன்றோ?

நாம் பணியாற்றும் மேட்டுப்பாளையம் நீலகிரி அடிவாரத்து ஊரன்று. புதுவையின் தொழிற்பேட்டையை அடுத்த பகுதி. பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் போற்றிய குடும்பங்களே இங்கு மிகுதி. ஆனால் நேற்றைய நீள ரொட்டி மட்டும் குப்பைக்குப் போகிறது! சோற்றுக்கு நம் பாட்டியர் வழி சொல்லிச் சென்றனர். ரொட்டிக்கு எவரும் சொல்லவில்லை. ரொட்டி விறைப்பது காய்வதனால் மட்டுமன்று. வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகுவதனாலும் ஆகும். குளிர்பெட்டியில் அது விரைவாகவே இறுகும். சூடு பட்டால் இளகும்.

ஆகவே, பூஞ்சை பிடிக்காத அரை ரொட்டியை விரலளவு துண்டுகளாகப் பிட்டு, சிறிது எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துக்கொள்க. இரண்டு வெள்ளரி, மூன்று தக்காளி, ஒரு முள்ளங்கி, ஒரு வெங்காயம் ஆகியவற்றைப் பெரிதாக நறுக்குக. ஒரு பிடி புதினாவும், கிடைத்தால் ஒரு பிடி பருப்புக்கீரையும் கிள்ளிச் சேர்க்க. மழைக்குப் பின் வரப்புகளில் தானே முளைக்கும் இக்கீரையை அந்நாட்டவரும் இதில் விரும்பிச் சேர்ப்பர் என்பது நமக்கு மகிழ்ச்சியூட்டிய செய்தி. அவர்கள் தூவும் சுமாக் என்னும் செந்நிறப் புளிப்புப் பொடி கிடைக்காவிடில், எலுமிச்சைச் சாற்றோடு சிறிது மாங்காய்த் தூள் போதும். பூண்டை உப்புடன் நசுக்கி அச்சாற்றில் கரைத்து, நான்கு கரண்டி எண்ணெய் கலந்து ஊற்றுக. ஒலிவ எண்ணெய் சிறப்பு. விலை தடுத்தால் கடலை எண்ணெய் ஆகும், நல்லெண்ணெயின் மணம் இதற்கு ஒவ்வாது. ரொட்டியை மட்டும் எல்லாரும் பந்தியில் அமர்ந்த பிறகே சேர்த்துக் கிளறுக; கால்மணி நேரம் கடந்தால் ஊறிக் குழைந்துவிடும்.