ஃபுட்பால் லீக் பிறந்தது ஒரு அட்டவணைக்காக!

லீக்னு சொன்னதும் கோப்பை, ஸ்டார் பிளேயர், டிரான்ஸ்ஃபர்னு பேசுவோம். ஆனா 1888-ல் இங்கிலாந்தில் தொடங்கின உலகின் முதல் ஃபுட்பால் லீக், அடுத்த சனிக்கிழமை மேட்ச் இருக்கா இல்லையா என்ற கவலையில் பிறந்தது.

ஏன் சனிக்கிழமை? 1850-ல் வந்த ஒரு தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாதுன்னு சொன்னது. மெல்ல மெல்ல மற்ற தொழிலாளர்களுக்கும் அந்த அரை நாள் லீவு பரவியது. சனி மதியம் மேட்ச் வெச்சா கூட்டம் வந்தது, டிக்கெட் காசும் வந்தது. 1885-ல் பிளேயர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஃபுட்பால் அசோசியேஷன் அனுமதி தந்தது.

சிக்கலே அங்கதான். சம்பளம் வாராவாரம் கொடுக்கணும், வருமானமோ மேட்ச் நடந்தால்தான் வரும். அப்போ பெரும்பாலான மேட்ச்கள் நட்பு ஆட்டங்கள். எதிரணிக்கு எஃப்.ஏ. கப் ஆட்டம் வந்துட்டா நம்ம மேட்ச் கேன்சல். கப்பை நம்பவும் முடியாது. ஒரு தோல்வியோட கதை முடிஞ்சிடும்.

இதுக்கு வழி கண்டவர் வில்லியம் மெக்ரிகர். பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர், ஆஸ்டன் வில்லா கமிட்டி உறுப்பினர். 1888 மார்ச் 2-ம் தேதி சில கிளப்களுக்குக் கடிதம் எழுதினார். யோசனை எளிமையானது: முக்கியமான 10, 12 கிளப்கள் சேரணும், ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் சொந்த ஊரில் ஒண்ணு, எதிரணி ஊரில் ஒண்ணு ஆடணும்.

ஏப்ரல் 17-ல் மான்செஸ்டரில் லீக் உருவானது. மொத்தம் 12 கிளப்கள். லண்டனிலிருந்து ஒண்ணுகூட இல்லை! கணக்குப் போடுங்க: 11 எதிரணிகள், இரண்டு முறை, ஆக ஒரு அணிக்கு 22 மேட்ச். மொத்தம் 132.

இதில் செம காமெடி, செப்டம்பர் 8-ல் சீசன் தொடங்கியபோது புள்ளி முறையே முடிவாகலை. வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்பது நவம்பரில்தான் முடிவானது. ஆப்பை லாஞ்ச் பண்ணிட்டு ரிக்வயர்மென்ட் எழுதின கதைதான்.

அந்த சீசனில் பிரெஸ்டன் 18 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லாம 40 புள்ளிகளோட சாம்பியன். எனக்கு முக்கியமாப் படுறது கடைசி இடத்தில் வந்த ஸ்டோக். எடுத்தது 12 புள்ளிதான். ஆனா பிரெஸ்டனுக்குக் கிடைத்த அதே 22 மேட்ச், அதே 11 ஹோம் மேட்ச் ஸ்டோக்குக்கும் கிடைத்தது. தோற்ற டீமுக்கும் அடுத்த வாரம்னு ஒண்ணு இருந்தது. அட்டவணை எல்லாரையும் காப்பாத்திடலை. 12 பேரில் ஒன்றான ஆக்ரிங்டன் 1893-ல் லீக்கை விட்டே விலகியது.

இது பழங்கதை இல்லை. 2025 ஜூலையில் நம்ம ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது, புதுப்பிப்பு உறுதியாகலை. தேதி இல்லாததால், அடுத்த மாதமே பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. மெக்ரிகர் 1888-ல் பயந்தது இதுக்குத்தான்.

அடுத்த தடவை ஃபிக்ஸ்சர் லிஸ்ட் வந்ததும் நம்ம டீமோட பெரிய மேட்ச் எப்போன்னு தேடுவீங்கள்ல? அப்படியே கடைசி டீமோட ஹோம் மேட்ச்களையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க.