மானாவாரிச் சீமையின் புறக்கடைக் கோழிகளும் நோய்க்காப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி வரையில் பரந்து கிடக்கும் மானாவாரிப் பிரதேசத்தில், வடகிழக்குப் பருவமழையை நம்பிச் சோளமும் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் விளைவித்து ஜீவனம் நடத்தும் சம்சாரிகளின் வீடுகளில், ஒரு பஞ்சாரமும் நாலைந்து பெட்டைக் கோழிகளும் இல்லாத புறக்கடையைக் காண்பது அரிது. மழை பொய்த்த ஆண்டில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் திடீர் மருத்துவத்துக்கும் கைகொடுப்பது பெண்கள் கையில் உள்ள இந்தச் சிறு செல்வமே. இதனோடு, கட்டுச்சேவலையும் கிளிமூக்கு விசிறிவால் சேவலையும் அழகுக்காகவும் வம்சப் பெருமைக்காகவும் சிரத்தையுடன் பேணும் ஆடவர் கூட்டமும் இங்கே உண்டு. இவ்விரு வகைக் கோழிகளையும் ஒருசேர வாரிக்கொண்டு போகும் கோழிக்கழிச்சல் நோயை ஒரு வீட்டைச் சுற்றி எழுப்பும் வேலியால் தடுக்க இயலாது என்பதும், ஊர் முழுவதும் சேர்ந்து ஏற்கும் கடமையாக நோய்க்காப்பு அமைய வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கண்டறியப்பட்ட இந்நோய், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைச் சாரலில் உள்ள ராணிகேத்தில் காணப்பட்டமையால், நம் நாட்டில் இராணிக்கெட் நோய் என்றே வழங்கலாயிற்று. 1940களிலேயே முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்குத் தடுப்பூசி கண்டனர். பரிகாரம் கைக்கு எட்டிப் பல தலைமுறை கடந்த பின்னும் வீதிதோறும் பஞ்சாரங்கள் வெறுமையாவதற்குக் காரணத்தை, மருந்தின் குறைபாட்டில் அன்று, கோழிகளும் மனிதரும் நடமாடும் முறையிலேயே தேட வேண்டும்.

நோய் கண்ட கோழி முதலில் தீனியை வெறுத்து, இறகை விரித்துக்கொண்டு மூலையில் உறங்கி விழும். பின்னர் வெண்மையும் பச்சையும் கலந்த நீராகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிழைத்து எஞ்சியது கழுத்துத் திருகி வானத்தைப் பார்த்தபடி சுழலும். இந்தக் குறிகள் தோன்றுவதற்கு முன்பே அதன் எச்சத்திலும் மூச்சிலும் கிருமி வெளிப்படத் தொடங்கிவிடுகிறது. அந்த வேளையில் நிகழ்வன மூன்று. ‘சாகுமுன் காசாக்குவோம்’ என்று கோழி சந்தைக்குப் போகிறது. அல்லது அறுபட்டுக் குழம்பாகிறது. அதன் இறகும் குடலும் குப்பைமேட்டில் வீசப்பட, அதே மேட்டைக் கிளறும் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு அவை இரையாகின்றன. அல்லது செத்த கோழி ஓடையில் எறியப்பட்டு, நாய்களால் ஊரின் மறுகோடிக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. ஆக, நோயை ஊர்விட்டு ஊர் கடத்துவது பெரும்பாலும் மனிதனின் கையே அன்றிக் காற்று அன்று.

சேவல் பிரியர்களின் நிலை இன்னும் நுட்பமானது. வம்சம் பெருக்குவதற்காக இரவல் சேவல் வருகிறது. கண்காட்சிக்காகத் திண்டுக்கல் வரையிலும் சேவல் பயணம் போய் மீள்கிறது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சண்டைச் சேவல்களிடையேயும் வீட்டுக் கோழிகளிடையேயும் தலைகாட்டிய இதே நோய், பெரும் பண்ணைகளையும் பற்றி, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழித்தொழிக்கும் நிலைக்குக் கொண்டுவிட்டதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். விரும்பி வளர்ப்பவனின் பாசம் மட்டும் நோய்க்கு அரணாகாது.

கோழிகளை அடைத்து வளர்த்தால் போதும் என்பது பண்ணை அனுபவத்தினின்று பிறந்த அபிப்பிராயம். களத்துமேட்டில் சிந்திய தானியத்தையும் கறையானையும் பொறுக்கித் தின்பதாலேயே செலவின்றி வளரும் கோழியை அடைத்தால், தீனிக்கு விலை கொடுக்க வேண்டிய சம்சாரிக்கு அதனால் ஆதாயம் ஏது? இயன்றதையே விதிக்க வேண்டும். புதிதாக வந்ததோ வெளியூர் போய் மீண்டதோ எந்தக் கோழியாயினும் அதை மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துத் தனிச் சட்டியில் தண்ணீர் காட்டுதல், நோய்க்காலத்தில் விற்பனையை நிறுத்துதல், செத்ததைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைத்தல் ஆகியவை எவருக்கும் இயல்வன. நிழலிலும் எச்சத்திலும் பல நாள் உயிர்த்திருக்கும் கிருமி கடும் வெயிலில் விரைந்து மடிவதால், கூட்டைக் கழுவி வெயிலில் காயவைக்கும் வசதியை இச்சீமையே தாராளமாக அளிக்கிறது.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு கருத்துண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் முகாம், கோடைக்கு முன் ஊர்க் கோழிகளைக் காக்கும் நன்முயற்சி. ஆயினும் இறகுக்கு அடியில் அரை மில்லி அளவு போடும் அந்த ஊசி எட்டு வாரம் நிறைந்த கோழிக்கே உரியது. பெட்டைகளோ ஆண்டு முழுவதும் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கின்றன. மாசியில் பொரித்த குஞ்சு முகாமைக் காண அடுத்த தை, மாசி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அது சேவலாகிச் சந்தைக்கும் போய்விடும். மேலும், கலக்கிய மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் காத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்; வீடு வீடாகக் கோழி பிடித்துப் பொழுது ஏறினால் மருந்து வீரியம் இழக்கும். ஆகையால் முதல் வாரத்திலேயே குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்தும், சில மாதங்களுக்கு ஒருமுறை ஊர் முழுமைக்கும் விடியற்காலையில் ஊசியும் என்ற ஏற்பாடே பொருந்தும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய குருணை மருந்து, வீட்டுப் பெண்களே தீனியாகத் தூவத்தக்கது ஆகையால், இப்பணியில் பெருந்துணை ஆகும்.

பறவைக் காய்ச்சலும் கண்ணுக்கு இதே தோற்றம் காட்டும். கேரளத்தின் ஆலப்புழையில் வாத்துகளை அழித்த அந்நோய் மனிதரையும் தொற்ற வல்லது. போபாலின் ஆய்வுக்கூடமே இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இத்தகைய நோய் கண்டால் தகவல் தருதலை 2009ஆம் ஆண்டின் மத்திய சட்டம் கடமையாக்கியுள்ளது. ஆனால், சொன்னால் கோழி போய்விடும் என்ற அச்சம் தீர, இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை நிர்வாகம் ஊட்டியாக வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவும் ஊராட்சியும் சேவல் பிரியர்களும் ஓரிடத்தில் அமர்ந்து, நோய் கண்டால் விற்பதில்லை, எறிவதில்லை, மறைப்பதில்லை என்று ஒருமனதாக முடிவு செய்து அதன்படி ஒழுகும் ஊரில், அரசின் மருந்து தன் முழுப் பயனையும் தரும். அந்த முடிவு இல்லாத ஊரில் எத்தனை முகாம் நடத்தினும் பயன் அரைகுறையே.