நட்சத்திர ஆமைக் கூடத்தில் ஈரப்பதம்

நட்சத்திர ஆமைக் கூடத்தில் ஈரப்பதம் என்பது, உள்ளரங்கில் பேணப்படும் இந்திய நட்சத்திர ஆமையின் உடல்நலத்துக்கும் ஓட்டின் சீரான வளர்ச்சிக்கும் தேவையான ஈரத்தைக் கூடத்தின் காற்றிலும் தரையிலும் நிலைநிறுத்துவதைக் குறிக்கும். இவ்வாமை வறண்ட நிலத்து உயிரினம் என்பதால் அதனை உலர்ந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. இக்கருத்து தவறானது, குறிப்பாகக் குஞ்சுகளுக்குத் தீங்கானது. இந்தியாவில் தனியார் இவ்வாமையை வளர்ப்பதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. எனவே இங்கு இது உயிரியல் பூங்காக்களுக்கும், கடத்தலில் மீட்கப்பட்ட ஆமைகளைப் பேணும் மையங்களுக்கும் உரிய பணியாகும்.

இயற்கை வாழிடம்

இந்திய நட்சத்திர ஆமை இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலும் அதனை அடுத்த பாக்கித்தானிலும், தென்னிந்தியாவிலும், இலங்கையிலும் காணப்படுகிறது. புதர்க்காடுகள், புல்வெளிகள், தரிசு நிலங்கள் ஆகியவை இதன் வாழிடங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சமவெளியும் கல்வராயன் மலை அடிவாரத்துப் புதர்க்காடுகளும் இத்தகைய நிலத்தோற்றத்துக்கு எடுத்துக்காட்டுகளாகும். இங்கு கோடையில் நிலம் வெடித்துக் காய்ந்தாலும், அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் காற்றும் மண்ணும் ஈரமாகின்றன.

ஆமை மழைக்காலத்தில் மிகுந்த சுறுசுறுப்புடன் மேய்கிறது. கோடையில் புதரின் அடியிலும் புல் கொத்துகளுக்குள்ளும் ஒதுங்கி அசைவற்றுக் கிடக்கிறது. இம்மறைவிடங்களில் வெட்டவெளியைவிடக் காற்றின் ஈரம் கூடுதலாக இருக்கும். ஆகவே ஓர் ஊரின் பொதுவான தட்பவெப்பத்தைக் கொண்டு ஆமையின் தேவையை முடிவு செய்ய இயலாது. ஆமை ஒதுங்கும் இடத்தின் ஈரமே கணக்கில் கொள்ளத்தக்கது.

ஈரப்பதமும் வெப்பநிலையும்

சார்பு ஈரப்பதம் என்பது, ஒரு வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு உண்மையில் உள்ளது என்பதாகும். காற்று சூடாகும்போது அதன் கொள்ளளவு கூடுவதால், நீராவி குறையாவிட்டாலும் சார்பு ஈரப்பதம் குறைகிறது. 25 பாகை செல்சியசில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காடாகிவிடும். வெப்ப விளக்கு பொருத்திய கூடங்கள் விரைவில் வறண்டு போவதற்கு இதுவே முதன்மைக் காரணம். குளிரூட்டப்பட்ட அறைகளிலும் காற்று உலர்ந்தே இருக்கும்.

ஓட்டின் வளர்ச்சி

ஆமையின் மேலோடு எலும்பாலும், அதன் மேல் படிந்த கெரட்டின் தகடுகளாலும் ஆனது. தகடுகளின் விளிம்பில் புதிய கெரட்டின் தோன்றுவதால் ஓடு விரிகிறது. வறண்ட சூழலில் வளரும் குஞ்சுகளின் தகடுகள் பக்கவாட்டில் சீராக விரியாமல் கூம்பு போல் மேலெழும்புகின்றன. இதனை ஓடு கூம்பாதல் எனலாம். மிகைப் புரத உணவே இதற்குக் காரணம் என முன்னர் கருதப்பட்டது. வீஸ்னர், ஐபென் ஆகியோர் ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குஞ்சுகளைக் கொண்டு நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த ஈரப்பதமே பெரிய காரணி என்றும், புரதத்தின் பங்கு சிறியது என்றும் கண்டறியப்பட்டது.

நட்சத்திர ஆமையின் தகடுகள் இயற்கையிலேயே ஓரளவு மேடாக இருப்பதுண்டு. எல்லா மேடுகளும் குறைபாடு அல்ல. ஆனால் ஒருமுறை ஏற்பட்ட மிகையான கூம்பு மறைவதில்லை. சூழலைத் திருத்திய பின் வளரும் பகுதி மட்டுமே சமமாக அமையும். நீண்டகால நீரிழப்பு சிறுநீர்ப்பையில் கல் உண்டாகவும் வழிசெய்யும்.

அளவிடுதல்

ஈரப்பதமானியைக் கூடத்தின் மேற்பகுதியில் மாட்டாமல், தரையை ஒட்டி ஆமை இருக்கும் உயரத்தில் வைத்தல் வேண்டும். சூடான முனை, குளிர்ந்த முனை, மறைவிடம் ஆகிய மூன்றிலும் அளவிடுதல் நன்று. குஞ்சுகளுக்கு 60 முதல் 80 விழுக்காடு வரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கருவியைச் சோதிக்க, நீர் விட்டுக் குழைத்த சமையல் உப்புடன் அதனைக் காற்றுப் புகாத பையில் சில மணிநேரம் வைக்கலாம். உப்பு கருவியின் மீது படக்கூடாது. அறை வெப்பநிலையில் கருவி ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் காட்ட வேண்டும்.

பேணும் முறைகள்

* தரையில் மண், தென்னை நார்க்கழிவு போன்ற ஈரம் தாங்கும் பொருட்களைக் கனமாகப் பரப்புதல்.
* மூலைகளில் நீர் ஊற்றி அடிப்பகுதியை ஈரமாகவும் மேற்பரப்பை உலர்வாகவும் வைத்தல். மேலே நீர் தெளிப்பது சிறிது நேரமே பயன் தரும்.
* உள்ளே ஈரப்பாசி அல்லது நார்க்கழிவு இட்ட மறைவிடம் ஒன்றை அமைத்தல்.
* ஆமை எளிதில் ஏறி இறங்கக்கூடிய ஆழமற்ற நீர்த்தட்டு வைத்தல்.
* குஞ்சுகளை வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் சிறிது நேரம் விடுதல்.
* கூடத்தின் மேற்புறத்தை ஓரளவு மூடி, காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுதல்.

மிகை ஈரத்தின் தீங்கு

ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூச்சுத்தொகுதி நோய்கள் ஏற்படக்கூடும். மூக்கிலிருந்து நீர் வடிதல், வாய் திறந்து மூச்சு விடுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். எப்போதும் நனைந்த தரை, அடியோட்டில் அழுகலை உண்டாக்கும். எனவே ஈரத்தைக் கூட்டும்போது இரவு வெப்பநிலை தாழாமல் காத்தல் இன்றியமையாதது.

சட்ட நிலை

இவ்வாமை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிறது. பிடித்தல், வைத்திருத்தல், விற்றல் ஆகியவை தண்டனைக்குரிய குற்றங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இது 2019 இல் சேர்க்கப்பட்டது. கடத்தல்காரர்கள் ஆமைகளைத் துணியிலும் பெட்டியிலும் நெருக்கி அடைப்பதால், மீட்கப்படுபவை பெரும்பாலும் நீரிழந்த நிலையில் வந்து சேருகின்றன. அவற்றுக்கு முதலில் தேவைப்படுவது நீரும் ஈரமான மறைவிடமுமே.

மழைக்குப் பின் வயல் வரப்பிலோ மலையடிவாரத்திலோ காணப்படும் ஆமை வழிதவறியது அன்று; மேய வந்தது. அதனை அங்கேயே விட்டுவிடுதல் வேண்டும். வீட்டில் வைக்கப்பட்டிருந்த ஆமையைக் காட்டில் விடுவது நோய் பரவ வழிசெய்யும் என்பதால், அதனை வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறையாகும்.