நெஞ்செரிவும் விலங்குகள் கூறிய சான்றும்

இராப்போசனம் முடித்துப் படுக்கையிற் சாய்ந்த சிறிது நேரத்தில், நெஞ்சின் நடுவே எரிவும் தொண்டையிற் புளிப்பு நீரும் மேலெழுவதை நேயர்களிற் பலர் அனுபவித்திருப்பர். நெஞ்செரிவு என்று அதனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயின், இரைப்பையில் அடங்கியிருக்க வேண்டிய அமிலம் உணவுக்குழாயினுள் ஏறி அங்கே யாது செய்கின்றது? இவ்வினாவுக்கு விடைகாண மருத்துவ உலகம் நெடுங்காலம் முயன்றது. அம்முயற்சியில் நாயும் எலியும் அளித்த சான்றுகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இரைப்பையில் ஊறுவது ஐதரோக்குளோரிக் அமிலம் என்பதை, முயல் முதலிய விலங்குகளின் இரைப்பைகளை ஆராய்ந்து, இங்கிலாந்தின் வைத்தியர் வில்லியம் பிரௌற் 1823ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், 1935இல், உணவுக்குழாயின் அழற்சிக்கு அவ்வமிலமும் பெப்சின் என்னும் நொதியமும் காரணமாகலாம் என நியூயோர்க் நகர வைத்தியர் வின்கெல்ஸ்ரைன் எழுதினார். அமிலம் பட்ட இடம் வெந்து புண்ணாகும் என்பது எவர்க்கும் இயல்பாகத் தோன்றும் கருத்து. ஆதலின் அது வேரூன்றியது.

இதற்கிடையில் வேறொரு வழக்கு எழுந்தது. சிலருடைய உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில், அதற்குரிய தட்டையான மேலணிக் கலங்களுக்குப் பதிலாகத் தூண் போன்ற கலங்கள் காணப்பட்டன. அப்பகுதி உணவுக்குழாயே அன்று, மேலிழுக்கப்பட்ட இரைப்பையே என 1950இல் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பரெற் வாதிட்டார். அது உணவுக்குழாயே என்று அலிசனும் ஜோன்ஸ்ரனும் 1953இல் காட்டினர். 1957இல் பரெற்றும் அதனை ஏற்றார். எனினும், அந்நிலை பிறவியிலேயே அமைந்ததா, பின்னர் வந்து சேர்ந்ததா என்பது தீராது நின்றது. இது வெறும் ஏட்டு வாதம் அன்று. அத்தகைய மேலணி சிலரிடத்துப் புற்றுநோயாக மாறக்கூடும். பிறவிக்குறை எனின் அமிலத்தைத் தடுப்பதால் அது தோன்றாமற் காக்க இயலாது. பின்னர் வந்தது எனின் காக்க வழியுண்டு.

நோயாளியிடம் இதற்கு விடை பெறுதல் அரிது. அவர் வைத்தியரை நாடி வரும்போது நோய் முற்றியிருக்கும். அதன் தொடக்கத்தைக் கண்டவர் எவருமிலர். எனவே பிரெம்னர், லிஞ்ச், எலிஸ் என்னும் மூவர் நாய்களை ஆராய்ந்தனர். அவற்றின் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ளுறையை அகற்றி, அது மீண்டும் வளரும் விதத்தை நோக்கினர். அமிலம் மேலேறாத நாய்களில் தட்டைக் கலங்களே வளர்ந்தன. அமிலம் மேலேற வழிசெய்யப்பட்ட நாய்களிலோ தூண்கலங்கள் வளர்ந்தன. 1970இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி, அந்நிலை பின்னர் வந்து சேரக்கூடியது என்பதற்கு வலிய சான்றாயிற்று.

ஆயினும் விலங்கு மனிதன் ஆகாது. நாயின் உணவுக்குழாயில் தசை முழுவதும் வரித்தசை; மனிதனிலோ கீழ்ப்பகுதி மழமழப்பான தசையால் ஆனது. எலியின் உணவுக்குழாயில், மனிதனில் உள்ளவை போன்ற சளிச் சுரப்பிகள் இல்லை; அதன் உட்பரப்பைக் கெரற்றின் படை மூடியுள்ளது. எலிக்கு வாந்தியெடுக்கவும் இயலாது. ஆதலின் சத்திரசிகிச்சையால் முன்சிறுகுடலை உணவுக்குழாயோடு இணைத்தே அதனிடத்து இந்நோயை உண்டாக்குவர். அப்போது அமிலத்தோடு பித்தநீரும் மேலேறும்.

இக்குறைகளுடைய எலியே பழைய நம்பிக்கையொன்றை அசைத்தது. அமிலம் சுடுவதே காரணமெனின், கேடு மேற்பரப்பில் தொடங்கி உள்ளே இறங்கவேண்டும் அன்றோ? டெக்சஸ் மாநிலத்து டலஸ் நகரில் சூசா, ஸ்பெக்லர் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு மாறானதே காணப்பட்டது. மூன்றாம் நாளிலேயே நிணநீர்க்கலங்கள் ஆழத்தில் திரண்டன. மேற்பரப்பு அரிப்புண்டதோ வாரங்கள் கழித்தே. அமிலம் நேரே சுடுவதைவிட, அதனால் தூண்டப்பட்ட உடலின் சொந்தக் காப்புப் படையே தீங்கு விளைத்திருக்கலாம் என அவர்கள் கருதினர்.

எலி கூறியதை மனிதனிடம் ஒப்புநோக்காது விடுதல் தகாது. முன்பு அழற்சி கண்டு, மருந்தாற் குணமடைந்த 12 பேர் தம் இசைவோடு மருந்தை நிறுத்தினர். இரு வாரங்களுள் அவர்களிடத்து ஏற்பட்ட மாற்றங்கள் எலியின் சான்றோடு ஒத்திருந்தமை 2016இல் வெளியாயிற்று. பன்னிருவர் சிறு தொகையே. ஆயினும் பழைய கருத்தை மீள எண்ணிப்பார்க்க அது போதும்.

இச்சான்றுகள் விலையின்றிக் கிடைத்தவை அல்ல. பேசமாட்டாத உயிர்கள் வலியைத் தாங்கியே அவற்றை அளித்தன. விலங்குக்குப் பதில் வேறு வழி தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என 1959இல் ரஸ்ஸலும் பேர்ச்சும் வகுத்த மூன்று நெறிகளும் அக்கடனை நினைவூட்டுவன. விலங்கின் சான்றை ஆராயாது நம்புதலும், அதனை வீணடித்தலும் ஒருங்கே பிழையாகும். அது சொன்னதைக் கவனமாகக் கேட்டு, மனிதனிடத்து ஒப்புநோக்கித் தெளிதலே நாம் அவ்வுயிர்களுக்குச் செய்யும் கைம்மாறு.