கூரையில் இருந்த மூங்கில் தரைக்கு வந்த கதை

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போவது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பழக்கம். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று எங்கள் பக்கத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குப் புதுச்சேரியின் அந்தக் கடற்கரைக்குத்தான் போகும். அப்பா காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு போனோம், இப்போது சாமியே டிராக்டரில் போகிறது. அங்கே மீன்பிடிக்கிற கூட்டாளி ஒருவன் வீட்டில்தான் தங்குவோம். நாங்க அரிசி, உளுந்து கொண்டுபோவோம், அவங்க கருவாடு கட்டிக் கொடுப்பாங்க.

போன வருஷம் போனபோது கூட்டாளியின் மகன் ஒரு கேள்வி கேட்டான். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து மாடி கட்டிக்கொண்டிருக்கிறான். "மாமா, மாடி ரூமுக்கு மூங்கில் தரை போடலாம்னு இருக்கேன். உங்க கொல்லையிலதான் புதர் புதரா நிக்குதே, அதையே அறுத்துப் போட முடியாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா, அதாவது கூட்டாளியின் அம்மா, குறுக்கே விழுந்தாள். "டேய், மூங்கில் மேல ஒரு தடவைதான்டா படுக்கணும். எனக்கு இன்னும் நாள் இருக்கு."

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் ஆயா சொன்னது விளையாட்டுப் பேச்சில்லை. பச்சை மூங்கில் என்றால் நம்மூரில் முதலில் நினைவுக்கு வருவது பாடைதான். அதே மூங்கிலில்தான் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிறோம், பிறந்த பிள்ளையை மூங்கில் முறத்தில் போட்டு எடுக்கிறோம். இதைச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்று எழுந்து போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டிலேயே மூங்கில் எவ்வளவோ இருந்திருக்கிறது. நான் சின்னப் பையனாகப் பார்த்தபோது அது கீற்று வேய்ந்த கூரை வீடு. வாரைகள், குறுக்குக் கட்டுகள் எல்லாம் மூங்கில். வாசலில் சாய்த்து வைத்திருந்த கட்டுமரத்துத் துடுப்பு பிளந்த மூங்கில், பாய் விரிக்கிற கம்பும் மூங்கில், மீன் கூடை மூங்கில். தரையில் மட்டும் இல்லை. தரை என்பது மணல்மேல் செம்மண் கொட்டிக் கெட்டித்து, சாணி போட்டு மெழுகியது. பிறகு சிமெண்ட் வந்தது. அதில் சிவப்புக் காவி கலந்து தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள், அந்தத் தரை மேல் வெறும் உடம்போடு படுத்துத் தூங்கிய மத்தியானங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் டைல்ஸ். ஈரக்காலோடு வந்து ஆயா ஒருமுறை வழுக்கி விழுந்த பிறகு டைல்ஸ் மேல் கோணிச் சாக்கு விரித்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் போட்டுகள் நிறைந்தன, துடுப்பும் போனது. ஒரு தலைமுறைக்குள் மூங்கில் அந்த வீட்டைவிட்டு மொத்தமாக வெளியேறியது. இப்போது அட்டைப்பெட்டியில் அடைத்துத் திரும்பி வரப் பார்க்கிறது.

இடையில் என்ன நடந்தது என்பது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலான விஷயம்.

மூங்கில் ஒரு புல். நெல், கரும்பு வகையறா. இது விவசாயிக்குத் தெரியும், தாவரவியல் படித்தவனுக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை. 1927 இந்திய வனச் சட்டத்தில் 'மரம்' என்பதற்கு எழுதிய விளக்கத்தில் பனையோடு மூங்கிலையும் சேர்த்துவிட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு அதில் கணக்கு இருந்தது. காகித ஆலைகளுக்கு மூங்கில் கூழ் வேண்டியிருந்தது. மூங்கில் காகிதத் தொழிலைக் காப்பதற்கென்றே 1925-ல் தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் போக்கு மாறவில்லை. ஆலைக்குக் காட்டு மூங்கில் அடிமாட்டு விலைக்குப் போனது, கூடை பின்னுகிறவர் சந்தையில் முழு விலை கொடுத்தார்.

நாங்கள் வரப்பில் வளர்த்த மூங்கிலுக்கும் இதே கதைதான். வெட்டுவது பெரிய வேலை இல்லை, வண்டியில் ஏற்றுவதுதான் வேலை. ஒருமுறை வைத்திக்குப்பத்துக்கே கூரை மாற்ற இருபது கழி ஏற்றிப் போனோம். ஒரு சோதனைச் சாவடியில் மறித்து, "மரத்துக்கு பர்மிட் எங்கே?" என்றார்கள். சொந்தக் கொல்லைப் புல்லுக்குப் பர்மிட்டா என்று அப்பா கேட்டார். சாயங்காலம் வரை நின்று, நான்கு கழியை அங்கேயே இறக்கிவிட்டுப் போனோம். அதற்குப் பிறகு அப்பா மூங்கில் வைக்கவே இல்லை. இருக்கிற புதர்கள் தாத்தா வைத்தவை.

2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலை மரமல்லாத சிறு வன மகசூல் என்று ஒத்துக்கொண்டது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி பக்கம் மெண்டா லேக்கா என்ற கிராமத்துக்கு 2011 ஏப்ரலில்தான், அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய், அவர்கள் மூங்கிலை அவர்களே வெட்டி விற்கும் அனுமதிப் புத்தகத்தைக் கொடுத்தார். எங்களைப் போல் பட்டா நிலத்தில் வளர்ப்பவர்களுக்கு 2017 நவம்பர் வரை ஆனது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமல்ல என்று அப்போதுதான் அவசரச் சட்டம் போட்டார்கள். தொண்ணூறு வருஷம்!

இதற்குள் சீனாக்காரன் மூங்கிலில் தரைப்பலகை செய்து உலகம் பூராவும் விற்றுவிட்டான். நாம் ஊதுவத்திக் குச்சியையே அங்கிருந்தும் வியட்நாமிலிருந்தும் இறக்கிக்கொண்டிருந்தோம். ஊதுவத்திக்குப் பேர்போன புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2020-ல் மூங்கில் இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 ஆக்கினார்கள்.

சரி, பையன் கேள்விக்கு வருவோம். எங்கள் கொல்லையில் இருப்பது முள் மூங்கில். ஏணிக்கும் பந்தலுக்கும் ராஜா. ஆனால் அறுத்து அப்படியே தரையில் பதிக்க முடியாது. மூங்கிலுக்குள் இருக்கிற மாவுச்சத்துதான் வண்டுக்குச் சாப்பாடு. அதனால்தான் பெரியவர்கள் தேய்பிறை பார்த்து, மூன்று வருஷம் முற்றிய கழியாகப் பார்த்து வெட்டி, குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போட்டார்கள். ஊறும்போது மாவுச்சத்து கரைந்து போகும். (நிலாவுக்கும் மூங்கிலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.) ஆலையில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான், வேகமாகச் செய்கிறார்கள். கழியைப் பட்டை பட்டையாகக் கீறி, வெளித்தோலையும் உள்சோற்றையும் இழைத்துத் தள்ளி, மருந்து கலந்த தண்ணீரில் வேகவைத்து, உலர்த்தி, பசை தடவிச் சூட்டோடு அழுத்துகிறார்கள். நாராக நசுக்கிப் பசையோடு அழுத்தினது இன்னும் கெட்டி, தேக்கெல்லாம் பக்கத்தில் வர முடியாது. கேரள மூங்கில் கழகம் கோழிக்கோடு நல்லளத்தில் இதற்கென்று ஒரு ஆலையே போட்டது. பையன் வாங்கியது என்னவோ சீனப் பலகை. கடையில் அதுதான் இருந்ததாம்.

கீழ்த்தளத்தில் போடவேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். கடலுக்கு அவ்வளவு பக்கத்து வீடு, தரை ஓதம் அடிக்கும். நம்பாமல், ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டான். காலையில் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். போதாததற்கு மீன்காரர் வீடு, ஈரக்காலும் மணலும் இல்லாமல் இருக்குமா? மணல் மேல்பூச்சைக் கீறிவிடும். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மாடியில் போட்டார்கள். பலகைப் பெட்டிகளைப் பிரித்து மூன்று நாள் அந்த அறையிலேயே வைத்தார்கள், கடற்கரைக் காற்றுக்கு அது பழக வேண்டும். ரசமட்டம் பார்த்து மேடு பள்ளம் சரிசெய்து, பாலித்தீன் தாள், அதன்மேல் நுரை விரிப்பு, அதன்மேல் பலகை. ஆணி கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று கவ்வும். செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாறி மாறி வரவேண்டும். நாலு சுவரோரமும் விரலளவு இடைவெளி விடச் சொன்னார் வேலைக்கு வந்தவர். "மழைக்காலத்துல ஊதும்ங்க, இடம் விடலைன்னா நடுவுல தூக்கிக்கும்." அந்த இடைவெளியை ஓரப்பட்டை அடித்து மறைத்தார்கள். ஈரத்துணி போட்டுத் துடைக்கக்கூடாது, நன்றாகப் பிழிந்துதான் துடைக்கணும்.

இந்த மாசி மகத்துக்கு அந்த அறையில்தான் படுத்தேன். பதினாறு கழியோடு நாங்கள் வந்து இறங்கிய அதே மனையில், கப்பலில் வந்த மூங்கில் மேல். தூக்கம் வர நேரமாச்சு.

காலையில் ஆயா மெதுவாகப் படியேறி வந்தாள். வாசற்படியில் நின்று ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துத் தட்டிப் பார்த்தாள். "சில்லுனு இல்ல, பரவாயில்ல" என்றாள். மற்றக் காலை வைக்கவில்லை.

கீழே இறங்கும்போது என்னிடம், "தம்பி, அடுத்த தடவை வர்றப்ப உங்க கொல்லையிலேருந்து துணி காயப்போட ரெண்டு கழி எடுத்தா. முத்தினதா பார்த்து எடுத்தா" என்றாள்.