மௌனியைத் தேடிய கதை

2006ஆம் ஆண்டில் நண்பர்கள் சிலராகச் சேர்ந்து, நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களைக் கணினியில் தொகுத்துவைக்கும் வேலையை எடுத்துக்கொண்டோம். தொண்ணூறுகளில் வந்த இதழ் அது. மயிலாப்பூரில், கச்சேரி சாலையை ஒட்டிய சந்தொன்றில் இருந்த ஒரு டி.டி.பி. நிலையத்தில் பக்கங்கள் உருவாயின. அச்சுப்பிரதிகளில் பாதிக்குமேல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பேஜ்மேக்கர் கோப்புகள் மட்டும் சில குறுந்தகடுகளில் எஞ்சியிருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தேடுவதற்கென ஒரு சிறு மென்பொருளை நாங்களே எழுதினோம். முதல் சோதனையாக ‘மௌனி’ என்று தட்டினோம். அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது கணினி. மௌனி கதைகளைப் பற்றிய நீண்ட கட்டுரையொன்று அவ்விதழில் வெளிவந்ததை எங்களில் இருவர் நன்றாக நினைவில் வைத்திருந்தனர். கோப்பைத் திறந்தால் கட்டுரை இருக்கிறது, மௌனியின் பெயரும் வரிக்கு வரி இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மௌனி கணினிக்குத் தெரியவில்லை.

இந்தப் பிழையின் வேரைத் தேடிப் போனபோதுதான், நம் மேசைக் கணினிகளில் தமிழ் குடியேறிய வரலாறு முழுவதையும் திரும்பிப் பார்க்க நேர்ந்தது.

தொடக்கத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. தமிழ்போலத் தோன்றும் படங்களைக் காட்ட மட்டும் தெரியும். தட்டச்சுப்பொறியின் விசை வரிசையைப் பெரும்பாலும் பின்பற்றிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று எழுதினால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே வரவேண்டிய இடத்தில் தகரத்தை வரைந்துகாட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். வேடிக்கையான விபத்துகளும் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடுவது வேர்டு மென்பொருளின் வழக்கம். சிறிய ஜே பெரிய ஜே ஆனால், பாமினியில் அது ‘து’. ஆகவே பத்தியின் தொடக்கத்தில் ‘தமிழ்’ என்று எழுதியவருக்குத் திரையில் ‘துமிழ்’ காத்திருக்கும்.

இந்த உத்தி ஒன்றாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசையை வைத்துக்கொண்டது. ஒன்றின் ககரம் மற்றொன்றின் ழகரம். சில மென்பொருள்களுக்குப் பூட்டும் இருந்தது. கணினியின் அச்சுப்பொறிச் செருகுவாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டாங்கிளைச் செருகினால்தான் அவை வேலை செய்யும். எங்கள் இதழின் கோப்புகளும் அத்தகைய ஒன்றில் உருவானவையே. டாங்கிள் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கிடைத்திருந்தாலும் அதைச் செருகும் வாய் இன்றைய கணினிகளில் கிடையாது.

இலவசமாகக் கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஓர் எழுத்துரு செய்து, விலையின்றி வெளியிட்டார். அதன் பெயர் ‘மயிலை’. கபாலீசுவரர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் அச்சான எங்கள் இதழ் ஒரு பூட்டுக்குள் கிடக்க, ஆல்ப்ஸ் மலைச்சாரலில் பிறந்த மயிலை பூட்டின்றி உலவியது. இவர்தாம் 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்வித்தவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலையும் அக்காலத்தில் கணினியில் தமிழ் எழுதியோர் எளிதில் மறக்கமாட்டார்கள்.

1997 மே மாதத்தில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு நடந்தது. அடுத்தது 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில். முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் போன்றோர் வழிகாட்டிய அம்மாநாட்டின் பயனாக, அவ்வாண்டு ஜூனில் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரு குறிமுறைகளையும் தரமாக அறிவித்தது. மடற்குழுவில் கூடிப் பேசிப் பல நாட்டுத் தமிழர் உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம் பரவியது. டாமும் டாப்பும் திஸ்கியும் எட்டு பிட் எல்லைக்குள் அடங்கியவை. மொத்தம் 256 இடங்கள். ஆங்கிலத்துக்குப் பாதியை விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது 128. நம் எழுத்துகளோ 247, கிரந்தம் தனி. எனவே உயிர்மெய்களைக் கொம்பு, கால், கொக்கி என்று உடைத்துத்தான் வைக்கவேண்டியிருந்தது.

இந்த 128 இடங்களிலும் கண்ணிவெடிகள் இருந்தன. 173ஆம் இடத்தைக் கணினி உலகம் ஏற்கெனவே வேறொன்றுக்கு ஒதுக்கியிருந்தது. வரி உடையும்போது மட்டும் தோன்றி மற்ற வேளைகளில் மறைந்திருக்கும் இணைப்புக்கோட்டுக்கு உரிய இடம் அது. திஸ்கியில் அவ்விடம் இகரத்துக்குப் போயிருந்தது. சில மென்பொருள்கள் அதை மறைகோடு என்றெண்ணி விழுங்கிவிட்டன. ‘இது’ என்பது ‘து’ ஆயிற்று. காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்ட நிரலர் பலர். பின்னர் வந்த 1.7 பதிப்பில் இகரத்துக்கு வேறோர் இடமும் கொடுத்து இதைச் சரிசெய்தார்கள்.

நிற்க. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் வேறொரு பாதை போடப்பட்டுக்கொண்டிருந்தது. பேராசிரியர் ஆர். கல்யாணகிருஷ்ணனின் ஆய்வுக்கூடத்தில், உயிர்மெய்யை உடைக்காமல் ஓர் அசையை ஓர் அலகாகவே குறிக்கும் முறையை வகுத்தனர். ஓர் அசைக்கு இரண்டு பைட்டுகள். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அந்தத் தொகுப்பானைப் பார்வையற்றோரும் ஒலிவழியே பயன்படுத்தலாம். பார்வையற்றவருக்குக் கொம்பும் காலும் எதற்கு, அவருக்கு வேண்டியது ‘கொ’ என்னும் ஒலிதானே? இந்த எளிய உண்மையை உருவத்தில் மயங்கிக்கிடந்த நாம் கவனிக்கத் தவறினோம் என்றே நினைக்கிறோம். உலகச் சந்தை வேறு திசையில் போய்விட்டதால் அம்முறை பரவலாகவில்லை.

அந்தத் திசை ஒருங்குறி. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் இருந்தன. இந்திய அரசின் இஸ்கி குறிமுறையை அடியொற்றி, நாகரியின் வரிசைக்கு நேராகத் தமிழை வைத்திருந்தார்கள். விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் ஒருங்குறி மேசைக் கணினிக்கு வந்தது. எழுத்துகளை ஒலிவரிசையில் சேமித்துத் திரையில் மட்டும் கொம்பை முன்னால் வரைவது அதன் முறை. பழைய குறிமுறைகளில் ‘கெ’ என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் பின்னால். ஒருங்குறியில் ககரம் முதலில்.

சிக்கல் தீர்ந்தது என்று எண்ணியவர்களுக்கு நிரல் எழுத உட்கார்ந்தபின் வேறு அனுபவம். எங்களில் ஒருவர் தி.நகரில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் விஷுவல் பேசிக் கற்றவர். அவரே எங்கள் தலைமை நிரலர், ஒரே நிரலரும் அவரே. விஷுவல் பேசிக்கின் ஆறாம் பதிப்பு தன் உள்ளே ஒருங்குறியைத்தான் வைத்திருக்கும். திரைப்பெட்டிக்கு அனுப்பும்போது மட்டும் அதைப் பழைய எட்டு பிட் குறிப்பக்கத்துக்கு மாற்றிவிடும். தமிழுக்கென்று விண்டோஸில் அப்படியொரு குறிப்பக்கமே கிடையாது. இல்லாத எழுத்துக்கு அது போடுவது ஒரு கேள்விக்குறி. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து கேள்விக்குறிகள் வந்தன. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாக அது சேமிக்கப்பட்டிருப்பதே காரணம். அந்நிலையில் கோப்பைச் சேமித்தால் கேள்விக்குறிதான் மிஞ்சும், தமிழ் திரும்பாது. ஒருங்குறி அறிந்த வேறு பெட்டிகளை இணைப்பது, அல்லது 2002இல் வந்த டாட் நெட்டுக்கு மாறிவிடுவது என்று தீர்வுகள் இருந்தன. நாங்கள் அவற்றை அறிந்தது சற்றுத் தாமதமாக.

அடுத்தது அகரவரிசை. கட்டுரைத் தலைப்புகளை வரிசைப்படுத்தச் சொன்னால், ‘பகல்’ முன்னும் ‘பக்கம்’ பின்னுமாக வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டியவர் எவரும் ‘பக்கம்’ முன்னால் வரவேண்டும் என்பார். ககரத்தை முழு எழுத்தாகவும் புள்ளியை அதன்மேல் பிறகு ஏறிய ஒட்டாகவும் ஒருங்குறி கொள்கிறது. ஒட்டுகளின் எண்கள் மெய்களின் எண்களைவிடப் பெரியவை. தொல்காப்பியர் நோக்கில் மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்பது. உயிர் ஏறும்போது புள்ளி நீங்குகிறது. ஈராயிரம் ஆண்டு இலக்கணமும் கணினி அட்டவணையும் எதிரெதிர் முனையில் தொடங்குகின்றன. நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம் என்று நாகரிக்கு நேராக அடுக்கியதால் மெய்வரிசையும் பிறழ்ந்தது. எழுத்துக்கு எழுத்து நம் வரிசைப்படி ஓர் எண்ணைக் கொடுத்து, சொல்லை எண்கோவையாக மாற்றி ஒப்பிடுவதே வழி. இதைத் தமிழ் நிரலர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது தனியாகக் கண்டுபிடித்திருப்பார்கள்.

இப்போது மௌனிக்கு வருவோம். ஒளகாரக் குறியின் வலப்பாதி ளகரத்தைப் போலவே இருக்கும். பழைய எழுத்துருக்களில் அதற்கெனத் தனியிடம் பெரும்பாலும் கிடையாது. கொம்பு, மகரம், ளகரம் என்று மூன்றையும் தட்டிவிடுவார்கள். மாற்றும்போது எங்கள் நிரல் அதை நேர்மையாக ‘மெ’, ‘ள’ என்று பிரித்து எழுதிவிட்டது. நாங்கள் தேடியதோ மகரமும் ஒளகாரமும் சேர்ந்த ‘மௌ’. திரையில் இரண்டும் ஒன்றுதான். சரி, கொம்புள்ள எழுத்தை அடுத்து ளகரம் வந்தால் ஒளகாரமாக்கிவிடு என்று கட்டளையிட்டோம். மௌனி அகப்பட்டார். மறுகணமே ‘வெள்ளம்’ எல்லாம் ‘வௌ்ளம்’ ஆயிற்று, ‘வெளியீடு’ எல்லாம் ‘வௌியீடு’ ஆயிற்று. இவ்வடிவங்களைப் பழைய இணையப் பக்கங்களில் வாசகர்கள் கண்டு எரிச்சலடைந்திருப்பார்கள். அவற்றின் பிறப்பு இவ்வாறுதான். ளகரத்தின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே, வெறும் ளகரமாக இருந்தால் மட்டும் மாற்று என்று விதியைத் திருத்தினோம். எகரத்தை அடுத்து அகரமேறிய ளகரம் வருகிற தமிழ்ச் சொற்கள் மிக அரிது என்பதால் இது ஏறக்குறையச் சரியாக வேலை செய்தது.

ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருந்தால் இந்தப் பாடு வேண்டியிருந்திருக்காது. எல்டாம்ஸ் சாலையில் இயங்கிய நியூ ஹொரைசன் மீடியா, கிழக்கு பதிப்பகத்தை நடத்திய நிறுவனம், என்.எச்.எம். எழுதியையும் மாற்றியையும் இலவசமாக வெளியிட்டது. கே.எஸ். நாகராஜன் எழுதிய மென்பொருள்கள் அவை. ஒரு பதிப்பகத்துக்குத் தன் பழைய கோப்புகளைக் காப்பாற்றும் தேவை இருந்ததில் வியப்பில்லை. அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாததே வியப்பு. எழுதுவதற்கு முகுந்தின் எ-கலப்பை அதற்கு முன்பே பரவியிருந்தது.

2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியையும் ‘டேஸ் 16’ என்னும் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் தமிழக அரசு தரமாக்கியது. பின்னதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனியிடம் உண்டு, மெய்யே முதலில் நிற்கும், அகரவரிசை தானாகவே அமையும். கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டுக்கும் எழுத்துருக்களை வழங்கியது. இலக்கணப்படி அழகான ஏற்பாடு, ஐயமில்லை. இருபதாண்டு முன்னால் வந்திருக்கவேண்டும். ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் ஒதுங்கவேண்டியிருந்ததால் பிற மென்பொருள்கள் அதைத் தமிழென்றே அறியவில்லை. அச்சகங்களுக்குள் அதன் பயன் பெரும்பாலும் நின்றுவிட்டது.

எங்கள் தொகுப்பு இன்று ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. ஓர் இதழ் நீங்கலாக. முதல் வாரத்தில், திரையில் கேள்விக்குறிகள் வந்ததைக் கவனிக்காமல் அவ்விதழின் கோப்பைச் சேமித்துவிட்டோம். மூலத் தகடோ கீறல் விழுந்து பிறகு திறக்கவே இல்லை. அதில் இப்போது உயிரோடில்லாத ஒரு கவிஞரின் கவிதை இருந்தது, எந்தத் தொகுப்பிலும் சேராதது. வரிப்பிளவும் சொல்லிடைவெளியும் காற்புள்ளிகளும் சிதையாமல் இருக்கின்றன. முதல் வரியில் ஐந்து கேள்விக்குறிகள், ஓர் இடைவெளி, எட்டு, மீண்டும் இடைவெளி, நான்கு, ஒரு காற்புள்ளி. அச்சுப்பிரதி கேட்டு மயிலாப்பூரின் பழைய புத்தகக் கடைகளுக்கு இப்போதும் போய்வருகிறோம்.